முதற்கட்டச் சவரம்

எங்கள் தெருவில் பேருந்து நிறுத்தம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். இரண்டு இரும்புத் தூண்கள் இருக்கின்றன. தூண்களுக்கு நடுவில் ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. கல்லில் தலைவர் பெயர் பெரிய எழுத்திலும், அதற்குக் கீழே 'முதற்கட்டப் பணி நிறைவுற்றது' என்று சின்ன எழுத்திலும் செதுக்கியிருக்கிறார்கள். கூரை, பெஞ்சு, பேருந்து ஆகிய மூன்றும் இரண்டாம் கட்டத்தில் வரும் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். அது போன தேர்தலுக்கு முந்தின மாதம். தேர்தல் முடிந்தது, தலைவர் ஜெயித்தார், தூண்கள் துருப்பிடித்தன.

பேருந்து எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. போகிறது என்பதுதான் பிரச்சினையே. ஒருநாள் நடுரோட்டில் நின்று கையைக் காட்டி மறித்துக் கேட்டேன். ஓட்டுநர் நல்ல மனிதர். தலையை வெளியே நீட்டிப் பொறுமையாகவே விளக்கினார்.

"கூரை இருந்தாத்தான் தம்பி அது ஸ்டாப். இப்போதைக்கு அது ரெண்டு கம்பி. கம்பிக்கெல்லாம் நிறுத்த எனக்கு உத்தரவு கிடையாது."

என் வீட்டுக்காரி பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து சந்தை நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து வரவேண்டும். அப்போது அவளுக்கு ஏழு மாதம். தினமும் என் கடை வாசலில் வந்து நின்று செருப்பைக் கழற்றுவாள். வீங்கிய காலைப் பார்ப்பாள். அப்புறம் எதிரே இருக்கிற தூண்களைப் பார்ப்பாள்.

"உள்ள இருக்கிறது பொறந்து, வளந்து, ஓட்டுப் போட்டாத்தான் அந்தக் கம்பிக்குக் கூரை வரும்போல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வருவேன்.

என் கடை சலூன். சுழலும் நாற்காலி ஒன்று, சுழல மறுக்கும் நாற்காலி ஒன்று, ஓரத்தில் ரசம் போன கண்ணாடி ஒன்று. நாங்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள். எண்ணிக்கையில் குறைவு, வீட்டில் பேசுகிற பாஷை வேறு. மற்ற நாட்களில் எங்களைப் பற்றி ஊரில் யாருக்கும் பெரிய புகாரும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. தேர்தல் நெருங்கினால் மட்டும் 'சிறுபான்மைச் சகோதரர்கள்' ஆகிவிடுவோம். ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த உறவு முறிந்துவிடும்.

போன தேர்தலில் தலைவர் எங்கள் பாஷையிலேயே வணக்கம் சொல்ல ஆசைப்பட்டார். அதற்காகக் கட்சி ஓர் ஆளை எங்கள் சந்தைக்கு அனுப்பியது. அவர் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, எங்கள் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் முதலில் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார். கூட்டத்தில் தலைவர் இரண்டு கையையும் உயர்த்தி முழங்கினார்: "கிதோரா!"

கிதோரா என்றால் எங்கள் பாஷையில் 'எத்தனை கிலோ?' என்று அர்த்தம்.

கூட்டம் திகைத்துப் போனது. பிறகு, பெரிய மனிதர் கேட்கிறாரே என்ற மரியாதையில் ஒருவர் எழுந்து "ரெண்டு" என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மா "எனக்கு அரை போதும்" என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாசமா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி எத்தனை கிலோ, எத்தனை கிலோ என்றார். அவர் மனசை நோகடிக்க வேண்டாமென்று நாங்கள் யாரும் திருத்தவில்லை. அன்றிலிருந்து கட்சிக்காரர்கள் எங்கே எங்களைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்கிறார்கள். நாங்களும் வாய்க்கு வந்த எடையைச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

இந்தத் தேர்தலுக்கு முன்னால் கட்சியிலிருந்து இருவர் என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் 'நம்பிக்கை வளர்ப்புப் பிரிவு' என்ற புதுப் பிரிவின் செயலாளர். தேய்த்த சட்டை, தேய்த்த பேச்சு. இன்னொருவர் இளைஞரணித் தலைவர். அவருக்குப் பேரன் இருக்கிறான், அவனுக்கும் மீசை முளைத்துவிட்டது. அணித்தலைவர் மட்டும் பதவி போய்விடக் கூடாதே என்று இன்னும் இளைஞராகவே இருந்து வருகிறார். உட்கார முடியாத அளவுக்கு இறுக்கமாக ஜீன்ஸ் போட்டிருந்தார்.

"கிதோரா" என்றார் செயலாளர்.

"ஒண்ணரை" என்றேன்.

"ஹாய் ப்ரோ! கடை வேற லெவல் ப்ரோ!" என்றார் இளைஞரணித் தலைவர். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, "உக்கார ஏதாவது கிடைக்குமா தம்பி?" என்றார். சுழலாத நாற்காலியைக் கொடுத்தேன். ஜீன்ஸ் சம்மதித்த அளவுக்கு உட்கார்ந்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிறுபான்மையினரும் இளைஞர்களும் எங்க மேல நம்பிக்கை வைக்கிறதில்லைன்னு ஆய்வுல தெரிய வந்திருக்கு தம்பி. இதை நாங்க லேசா எடுத்துக்கலை. அவங்ககிட்ட இருக்கிற இந்தக் குறையைச் சரிபண்ணத்தான் ஒரு பிரிவே ஆரம்பிச்சிருக்கோம்."

"நல்லதுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"முதல்ல சிறுபான்மைக்கு ஒருத்தர், இளைஞருக்கு ஒருத்தர்னு தனித்தனியாத் தேடினோம். அப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துச்சு. நீங்க ரெண்டும். ஒரே டிக்கெட்ல ரெண்டு படம். தலைவர் உங்க கடைக்கு வந்து, உங்க கையால சவரம் பண்ணிக்கப் போறார்."

"எனக்குப் புரியலீங்க."

"தன் கழுத்தையே உங்க கத்திக்குக் கீழ நீட்டப் போறார் தம்பி! இதைவிடப் பெரிய நம்பிக்கை உலகத்துல உண்டா? அவர் உங்களை நம்பறதைப் பார்த்து நீங்க எல்லாரும் அவரை நம்பணும். அதான் திட்டம்."

தினமும் பத்துப் பேர் என்னிடம் கழுத்தை நீட்டுகிறார்கள். அதில் பாதிப் பேர் தூங்கியே போவார்கள். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. எதிரே கையைக் காட்டினேன்.

"அந்த ஸ்டாப்புக்குக் கூரை போட்டுட்டா எல்லாருக்கும் தானா நம்பிக்கை வந்துருமேங்க?"

செயலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கூரையைப் போட்டுட்டு நம்பிக்கை கேட்டா அது நம்பிக்கை இல்ல தம்பி, வியாபாரம். நாங்க வியாபாரிங்க இல்ல. ஒண்ணுமே செய்யாம இருக்கும்போதும் வருதே, அதுதான் அசல் நம்பிக்கை."

"வேற லெவல் ப்ரோ" என்றார் இளைஞரணித் தலைவர்.

நான் சரி என்றேன். தலைவர் என் நாற்காலியில் கொஞ்ச நேரமாவது அசையாமல் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? வாய் நிறைய நுரையோடு இருக்கிறவரிடம் கூரையைப் பற்றிப் பேசிவிடலாம் என்பது என் கணக்கு. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "கத்தி உங்க கையில இருக்கும்போதாவது அவர் காது கேக்குதான்னு பாருங்க" என்றாள்.

அடுத்த வாரம் நம்பிக்கைப் பயிற்சி என்று கட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே என் கத்தரிக்கோலைப் பறிமுதல் செய்தார்கள். சீப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். படிகாரக் கட்டியைக் காவலர் மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் நக்கிப் பார்த்தார். பிறகு 'நம்பிக்கை அறை' என்று எழுதியிருந்த கதவின் பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டார்.

உள்ளே செயலாளரும் இளைஞரணித் தலைவரும் இருந்தார்கள். முதல் பயிற்சி, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வது. கட்சி தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

"பயப்படாதீங்க ப்ரோ, நான் பின்னாலயே நிக்கறேன்" என்றார் இளைஞரணித் தலைவர்.

கண்ணை மூடிச் சாய்ந்தேன். பின்னால் போன் அடித்தது. "சொல்லுங்கண்ணே" என்று அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார். நான் தரையில் கிடந்தபடி கண்ணைத் திறந்தேன். செயலாளர் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"பிடிக்கிறதுங்கறது இரண்டாம் கட்டம் தம்பி. விழுற பகுதி நல்லா வந்திருக்கு."

இரண்டாவது, கத்தி விஷயம். அதற்கு ஒரு குழுவே கூடியது. நீண்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மேஜையின் நடுவில் என் சவரக் கத்தி. குற்றவாளியைப் பார்ப்பதுபோல எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேடு போடாத கத்தியால் நுரையை மட்டும் வழித்தால் போதும் என்றது ஒரு தரப்பு. இளைஞரணித் தலைவர் பதறிப்போனார். போன மாதம் நடந்த டீ விவகாரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

தலைவர் ஒரு கல்லூரி வாசலில் மாணவர்களோடு மாணவராக நின்று டீ குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் டம்ளரில் டீ ஊற்றவில்லை. காலி டம்ளரைக் குடித்துவிட்டுப் போயிருந்தால்கூட ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். கடைசியில் டம்ளரைக் கவிழ்த்து உதறவும் உதறினார். அந்தப் பிள்ளைகள் அதைப் படம் பிடித்து, அதற்கு மேளம் போட்டு, ஊரெல்லாம் ஓடவிட்டுவிட்டார்கள்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு அசல் வேணும். தாடியும் அசலா இருக்கணும், பிளேடும் அசலா இருக்கணும். இல்லேன்னா நம்மளை வெச்சுச் செஞ்சுருவாங்க" என்றார் அவர்.

"அதுக்காகச் சிறுபான்மைக்காரன் கையில அசல் பிளேடைக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்று மேஜைக் கோடியில் ஒருவர் கொதித்தார். அப்புறம்தான் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "உங்களைச் சொல்லலை தம்பி. பொதுவாச் சொன்னேன்."

"பரவாயில்லீங்க" என்றேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கன்னத்துக்கு அசல் பிளேடு. தாடைக்குக் கீழே இறங்கினால் கத்தியைத் திருப்பிப் பிடித்து மழுங்கின பக்கத்தால் அபிநயம். அதாவது கட்சிக்கு என் மேல் கன்னம் வரைக்கும் நம்பிக்கை இருந்தது. ஒத்திகைக்கு இளைஞரணித் தலைவரே முன்வந்தார். பக்கத்தில் ஒரு டாக்டரை நிறுத்தினார்கள். நாற்காலியில் இளைஞரணித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை நுரை போடும்போது குறட்டை கேட்டது. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, தூக்கம்தான் என்று சான்றிதழ் கொடுத்தார்.

கிளம்பும்போது செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரே ஒரு விஷயம். தலைவர் தலை மேல மட்டும் கை வைக்கக் கூடாது. முடியைத் தொடவே கூடாது. தாடி மட்டும்தான் உங்க எல்லை."

"ஏனுங்க?"

"பாதுகாப்பு" என்றார்.

இதற்கிடையே தலைவர் தாடி வளர்க்க ஆரம்பித்திருந்தார். என்றும் மழமழவென்று இருப்பவர் திடீரென்று தாடியோடு வந்ததும் பத்திரிகைக்காரர்கள் காரணம் கேட்டார்கள். "சிறுபான்மை மக்களோட நிலைமையை நெனச்சா எனக்குச் சவரம் பண்ணிக்கவே மனசு வரலை" என்றார் தலைவர். மறுநாள் கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்கும் மனசு வரவில்லை. எனக்கு ஒரு வாரம் வியாபாரம் படுத்தது.

விழா நாள் வந்தது. காலையில் கடையைத் திறக்கப் போனால் என் கடையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் கட்சி நிறம். ரசம் போன கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். சுழலாத நாற்காலியைக் காணவில்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்கள் ஜனங்கள் போடுகிற மாதிரியே கோடு போட்ட சட்டை போட்டிருந்தார்கள். ஒரு முகம்கூட நான் பார்த்த முகமாக இல்லை.

"இவங்கள்லாம் யாருங்க?" என்றேன் செயலாளரிடம்.

"வாடிக்கையாளர்கள். சிறுபான்மை."

"என் வாடிக்கையாளருங்க வெளிய நிக்கறாங்களே?"

"அவங்க பயிற்சி எடுக்கலையே தம்பி. கேமரா முன்னாடி எப்படி இருக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. இவங்க கட்சியில நல்லாப் பழக்கப்பட்ட சிறுபான்மை."

பழக்கப்பட்ட சிறுபான்மையில் ஒருவர் என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக "கிதோரா" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரைப் பார்த்து "கிதோரா" என்றார். எல்லோரும் ஆளுக்காள் எத்தனை கிலோ, எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

என் அசல் வாடிக்கையாளர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். டீ வீடியோ போட்ட கல்லூரிப் பையன் நெட்டையும் அங்கே போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். நெட்டை எங்கள் தெருப் பையன்தான். உயரத்தால் வந்த பெயர், கூட்டத்தில் அவன் போன் மட்டும் எப்போதும் மேலே தெரியும்.

விழாவுக்காக அன்று பேருந்தைச் சந்தைக்கு முன்பே வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அதனால் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியிலிருந்தே நடந்து வந்திருக்கிறாள். கதவருகே காவலர் தடுத்தார். அது என் வீட்டுக்காரர் கடை என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"உள்ள சிறுபான்மை மக்கள் இருக்காங்கம்மா. வெளியாளுங்களை விட முடியாது" என்றாராம் அவர்.

அவள் சண்டை போடுகிற நிலையில் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய், இரண்டு தூண்களுக்கும் நடுவில் அந்தப் பளிங்குக் கல் மேல், வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். தலைவர் பெயர் முழுசாக மறைந்துவிட்டது.

தலைவர் வந்தார். நேரில் பார்க்க நல்ல கம்பீரம். வாரிவிட்ட அடர்த்தியான கறுப்பு முடி, கீழே நரைத்த தாடி. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து "கிதோரா, தம்பி" என்றார். "முக்கால்" என்றேன். துண்டைக் கட்டி நுரை போட்டேன். இளைஞரணித் தலைவர் தன் போனில் நேரலையை ஆரம்பித்தார். நான் பிரஷ்ஷை முகத்திலிருந்து எடுப்பதற்காகக் காத்திருந்ததுபோலத் தலைவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"நான் சிறுபான்மை மக்களை நம்பறேன். எந்த அளவுக்கு நம்பறேன்னா, இன்னிக்கு இந்தக் கடைக்குள்ள நாலே நாலு பாதுகாவலரைத்தான் நிறுத்தியிருக்கேன்."

பழக்கப்பட்ட சிறுபான்மை கை தட்டியது.

"இளைஞர்கள்தான் நம்ம எதிர்காலம். எதிர்காலத்துல அவங்களுக்குக் கண்டிப்பா இடம் உண்டு. அது வர்ற வரைக்கும் நிகழ்காலத்தை நாங்க பத்திரமாப் பாத்துக்குவோம்."

இளைஞரணித் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வலது கன்னத்தில் கத்தியை வைத்தேன். இந்த வேலையில் என்னை ஒரு குறையும் சொல்ல முடியாது. காது மடலிலிருந்து மோவாய் நடுவரைக்கும் சுத்தமாக இறக்கினேன். தலைவர் மூச்சுவிட நிறுத்திய சமயம் பார்த்து, மெல்லக் குனிந்து கேட்டேன்.

"தலைவரே, எதிர்ல அந்த ஸ்டாப்புக்குக் கூரை போடாம இருக்கு. என் சம்சாரம் மாதிரி நிறையப் பேரு நடந்தே…"

அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "முதற்கட்டம் முடிஞ்சிருச்சுல்ல தம்பி? மிச்சமும் வரும். நம்பிக்கை வைங்க."

நான் நிமிர்ந்தேன். புதுக் கண்ணாடி சுவர் முழுக்க இருந்ததால் பின்னால் ரோடு அப்படியே தெரிந்தது. இரண்டு துருப்பிடித்த கம்பிக்கு நடுவில் என் வீட்டுக்காரி. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையால் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் கையால் வேலை செய்ய முடியாது. கத்தியைத் துடைத்தேன். மடக்கினேன். தலைவர் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து உதறினேன்.

"முதற்கட்டம் முடிஞ்சது தலைவரே."

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார். வலது பக்கம் பளபளவென்று ஒரு கன்னம். இடது பக்கம் நுரை, நுரைக்குள் தாடி.

"என்ன தம்பி இது? மிச்சம்?"

"வரும் தலைவரே. இரண்டாம் கட்டத்துல. கூரை வந்ததும்."

"விளையாடறீங்களா?"

"நம்பிக்கை வைங்க" என்றேன். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அவர்கள் பிரிவில் சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

பாதுகாவலர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். கத்தியால் குத்தினால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயிற்சி உண்டு. கத்தியை மடக்கி வைத்தால் என்ன செய்வது என்று பயிற்சி இல்லை. செயலாளர் இளைஞரணித் தலைவரிடம் பாய்ந்தார்.

"லைவை நிறுத்துங்கய்யா!"

"நிறுத்துற பட்டன் எங்க இருக்குன்னு தெரியலையே! ஆரம்பிச்சுக் கொடுத்தது பேரன்!"

கயிற்றுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. நெட்டையின் போன் இன்னும் ஒரு முழம் உயர்ந்தது. நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். என் வாய்க்கொழுப்புக்குக் கடையும் போகும், நானும் உள்ளே போவேன், பிள்ளை பிறக்கும்போது அவள் தனியாக இருப்பாள் என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடிவிட்டது.

ஆனால் தலைவர் சும்மா தலைவர் ஆகவில்லை. கண்ணாடியில் தன் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே கூட்டத்தைப் பார்த்தார். நுரையை உள்ளங்கையால் ஒரே வழிப்பில் துடைத்துவிட்டு எழுந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போய்ப் பாதித் தாடியோடு நின்று கையை உயர்த்தினார்.

"என் உயிரினும் மேலான மக்களே! இந்த நிறுத்தத்துக்குக் கூரை வர்ற வரைக்கும், என்னோட இந்தக் கன்னத்துல கத்தி படாது! இது என் சபதம்! இதை நான் ரொம்ப நாளாவே மனசுல வெச்சிருந்தேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. தலைவர் உற்சாகம் தாங்காமல் முழங்கினார். "கிதோரா!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பளிங்குக் கல் மேலிருந்து என் வீட்டுக்காரி கையைத் தூக்கிக் கத்தினாள்.

"அரை!"

எங்கள் ஜனங்கள் சிரித்த சிரிப்பில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கை கூப்பினார்.

மறுநாள் கட்சிக்காரர்கள் எல்லோரும் பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார்கள். அதற்கு 'அரைத் தாடி அறப்போர்' என்று பெயர் வைத்தது நம்பிக்கை வளர்ப்புப் பிரிவு. தலைவர் மழித்தது வலமா இடமா என்று கேமராவில் பார்த்தவர்களுக்கும் கண்ணாடியில் பார்த்தவர்களுக்கும் தகராறு வந்து, இளைஞரணி இரண்டாக உடைந்தது. எதிர்க்கட்சி, முழுத் தாடியே மக்களுக்கு முழுத் தீர்வு என்று அறிக்கை விட்டது. என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பாதிச் சவரத்துக்கு முழுக் கூலி வாங்கினேன், ஏனென்றால் சரியாக நடுவில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

தலைவர் பாடுதான் பரிதாபம். சபையில் ஒருக்களித்தே உட்கார்ந்தாராம். வெயில் காலம் வேறு. இடது கன்னம் அரித்துத் தள்ளியது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கை குலுக்க வந்து, எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தடுமாறியதாகப் பேப்பரில் வந்தது. அன்று மாலையே இலாகாவிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கூரை வந்தது. நான் கடை வாசலிலிருந்து முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எங்களுக்கு வராத இரண்டாம் கட்டம் என்பது ஒரு லாரி, நாலு ஆள், ஒரு மத்தியானம். நடுவில் அவர்கள் சாப்பிடவும் போய்வந்தார்கள்.

அடுத்த நாள் மாலை பேருந்து வந்தது. அந்த நல்ல மனிதர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கூரையை அண்ணாந்து பார்த்தார். தூணை ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்து, "இப்ப இது ஸ்டாப் தம்பி" என்றார். பின்படியில் என் வீட்டுக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். ரோட்டைத் தாண்டி வந்து கடை வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், அவள் உட்காருவதற்கு அந்தச் சுழலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இரண்டாம் கட்டச் சவரத்துக்குத் தலைவர் வந்தபோது பழக்கப்பட்ட சிறுபான்மையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அரிப்பு அவ்வளவு அவசரம். கேமராக்கள் வெளியே இருந்தன. பாதுகாவலர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இடது கன்னத்தை முடித்தேன். மோவாயை அண்ணாத்தச் சொல்லி, கத்தியைத் திருப்பாமல் அசல் பிளேடாலேயே கழுத்தையும் வழித்தேன். அவருக்குத் தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

"இப்ப எங்க மேல நம்பிக்கை வந்துச்சா தம்பி?" என்றார் மெல்லிய குரலில்.

"கூரை மேல வந்துருச்சு தலைவரே."

திருப்தியாகத் தலையை ஆட்டினார். ஆட்டியிருக்கக் கூடாது. நான் காதோரம் துடைப்பதற்காகக் கையை அப்போதுதான் கொண்டுபோனேன். என் விரல் பட்டது. அந்த அடர்த்தியான கறுப்பு முடி மொத்தமும் ஒரே துண்டாக, தொப்பி நகர்வதுபோல, ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது.

கண்ணாடியில் நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கதவுக்கு வெளியே நெட்டை எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான். தலைவர் முகத்தில் அப்போதுதான் முதல் முதலாக ஒரு சாதாரண மனிதரைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார்.

"தம்பி…" என்றார்.

நான் துண்டை உதறுவதுபோல் குறுக்கே பிடித்து மறைத்துக்கொண்டு, முடியை இரண்டு கையாலும் பழைய இடத்தில் நிறுத்தி, முன்பக்கம் சீப்பால் ஒரு வாரு வாரினேன்.

"நம்பிக்கை வைங்க தலைவரே" என்றேன்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார். இந்தத் தடவை கிதோரா சொல்லவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கு வேறு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மாலையானால், கூரையோடு ஸ்டாப்புக்கு வந்த புது பெஞ்சில் கூடி உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். நேற்று என் வீட்டுக்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தலைமை தாங்கினாள்.

"அவர் தலையில எவ்வளவு முடி பாத்தீங்களா? ஒரு தாடிக்கே கூரை வந்துருச்சு. முன்பக்கத்துக்குத் தண்ணிக் குழாய், பின்பக்கத்துக்குத் தெரு விளக்கு, ரெண்டு கிருதாவுக்கும் வாய்க்காலுக்கு ஒரு பாலம். கேட்டு வாங்கிருங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பிள்ளைக்குக் குல்லாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

"முடி வேண்டாம். தாடியையே பாத்துக்குவோம்" என்றேன்.

"ஏங்க?"

"அது ஒண்ணுதான் அவர்கிட்ட வளருது."